மறக்கத் தொடங்கும் வேளை

வாரம் முழுக்க வேலை, வீடு, பயணம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கி ஜெர்மன் படித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இப்போது நம் ஊரில் நிறைய. செவிலியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஜெர்மனி போகத் தயாராகும் பிள்ளைகள் மட்டுமல்ல. பெங்களூருக்கு மாற்றலாகிக் கன்னடம் பழக நினைப்பவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். அந்த மூன்று மணி நேரத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு இருபத்தைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சில மாதம் கழித்து நினைவில் நிற்கும் சொற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. நூற்று நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்து உறுதியான செய்தி இது.

இதை முதலில் அளந்தவர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். சோதனைக்கு ஆளாகத் தன்னையே எடுத்துக்கொண்டார். அர்த்தமுள்ள சொற்களைப் படித்தால் பழைய நினைவுகள் வந்து ஒட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும் என்பதால், பொருளே இல்லாத அசைகளை ஏறத்தாழ 2,300 உருவாக்கினார். அவற்றை வரிசைகளாக அடுக்கி, கடிகாரத்தின் டிக் ஓசைக்கு ஈடாக ஒரே வேகத்தில் வாசித்து உருப்போட்டார். பிறகு இடைவெளி விட்டு அதே வரிசையை மறுபடி உருப்போட்டு, இந்த முறை எவ்வளவு நேரம் மிச்சமானது என்று குறித்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்துப் படித்தால் 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்தும் 21. மறதி முதல் சில மணி நேரத்தில் பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அதன் பிறகு மெதுவாகிவிடுகிறது. 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட அதே வளைகோடுதான் கிடைத்தது.

1885-ல் வெளியான அவருடைய நூலில் இதைவிட அருமையான கணக்கு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு அசை கொண்ட வரிசையை ஒரே மூச்சில் 68 முறை படித்தால் மறுநாள் என்ன பலன் கிடைத்ததோ, அதே பலன் மூன்று நாளுக்குப் பரப்பிப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. நேரம் கூடவில்லை, புத்தி கூடவில்லை. நடுவில் இரவுகள் வந்தன, அவ்வளவுதான்.

அந்த இரவுகள் சும்மா கழிவதில்லை. புதிதாகக் கேட்ட சொல்லை முதலில் பற்றிக்கொள்வது மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அது கொஞ்ச காலத்துக்குத்தான் பொறுப்பு. நாம் தூங்கும்போது அந்தத் தடங்கள் மறுபடி மறுபடி உயிர்பெற்று, மூளையின் மேற்பரப்பில் நிலையான இடம் பிடிக்கின்றன. படித்துவிட்டுச் சில மணி நேரத்துக்குள் தூங்கப் போனவர்களுக்குச் சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றதை 2006-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏழு நாள் படிப்பவருக்கு இப்படி ஏழு இரவு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிப்பவருக்கு ஒன்றே ஒன்று.

இடைவெளி மட்டும் போதாது. அந்த இடைவெளிக்குப் பின் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். 2008-ல் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் 40 ஸ்வாஹிலி சொற்களைக் கொடுத்தார்கள். 'மஷுவா' என்றால் படகு, இந்த மாதிரி. ஒரு சொல் சரியாக நினைவுக்கு வந்த பிறகு, சில குழுவினர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள், ஆனால் யாரும் அவர்களை அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. வேறு குழுவினரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்கு 80 சதவீதம் நினைவிருந்தது. பார்த்து மட்டும் படித்தவர்களுக்கு 40 சதவீதம்கூட இல்லை. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு விவரம். சோதனை முடிந்த அன்றே, அடுத்த வாரம் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொன்னார்கள். எந்த வழி தனக்கு உதவுகிறது என்பது படிக்கிறவருக்கே தெரியவில்லை! புத்தகத்தைப் புரட்டும்போது 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று தோன்றும் நிம்மதியை நம்பக் கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு, வராத சொல்லுக்காகத் தவிக்கும் அந்தப் பத்து விநாடியில்தான் அது நமக்குள் ஊன்றுகிறது.

ஹாரி பாரிக் என்ற உளவியலாளரின் வீட்டில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். அவர், மனைவி, இரண்டு மகள்கள் என நால்வரும் தாங்களே சோதனைக்கு ஆட்களாகி, ஆளுக்கு 300 அந்நியச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். சில சொற்களை 14 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 28 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 56 நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தார்கள். அது முடிந்த பிறகு ஐந்து ஆண்டு வரை காத்திருந்து, எது எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். 56 நாள் இடைவெளியில் 13 முறை படித்த சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 முறை படித்த சொற்களுக்குச் சமமாக நின்றன. பாதி உழைப்பு, அதே பலன். 1993-ல் நால்வர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அறிவியலில் இவ்வளவு பொறுமையான குடும்பத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆக, புதுச் சொல்லை முதலில் சீக்கிரமும், பிறகு போகப் போகத் தள்ளியும் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லை எப்போது என்று யார் கணக்கு வைப்பது? செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் பத்திரிகையாளர் 1972-ல் இதற்கு ஓர் அட்டைப்பெட்டியைச் சொன்னார். நீளவாக்கில் ஐந்து அறைகள். முதல் அறையின் அகலம் ஒரு சென்டிமீட்டர்தான், அடுத்தது இரண்டு, பிறகு ஐந்து, எட்டு, கடைசி அறை பதினான்கு. சீட்டின் ஒரு பக்கம் 'படகு', மறுபக்கம் 'மஷுவா'. புதுச் சீட்டு முதல் அறையில் போகும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தப்பினால், நான்காம் அறையிலிருந்து வந்ததானாலும், முதல் அறைக்கே திரும்பும். முதல் அறை குறுகலாக இருப்பதால் தினமும் கை வைத்தாக வேண்டும். கடைசி அறை நிரம்ப மாதக்கணக்காகும். அதனால் நன்றாகத் தெரிந்த சொல் அரிதாகவும், தகராறு பண்ணும் சொல் அடிக்கடியும் தானாகவே கைக்கு வருகிறது. இன்று ஆன்க்கி போன்ற செயலிகள் செல்பேசியில் செய்வது அடிப்படையில் இதே வேலையைத்தான். இருந்தாலும் கையால் எழுதிய சீட்டுகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அவற்றுக்கு நடுவில் வேறெந்த அறிவிப்பும் வந்து குறுக்கிடாது.

சொல் மட்டும் மொழி அல்ல. காதும் பழக வேண்டும். தமிழில் ஒரே 'க', இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். அந்த வேறுபாட்டைக் கவனித்துக் கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. இந்தியில் அங்கே நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள், ஒன்று மாறினால் பொருள் மாறும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். 1990-களில் அவர்களுக்குப் பல பேருடைய குரல்களில் அந்த ஒலிகளைக் கேட்கச் செய்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். சில வாரங்களில் காது தெளிந்தது. அதுவரை கேட்டிராத குரல்களிலும் பிரித்தறிய முடிந்தது. ஆகவே ஒரே ஆசிரியரின் குரலோடு நிற்காதீர்கள். வானொலி, சமையல் காணொளி, கடைக்காரர், குழந்தைகள் என்று தினம் ஒரு குரலாவது காதில் விழட்டும்.

'தினமும்' என்ற இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு புதுப் பழக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். காலை உணவுக்குப் பிறகு இது என்பது போல. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மேடையில் சொல்வதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்து விட்டுவிட வேண்டியதில்லை. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதற்காக மொழியையே விட்டுவிடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்றிரவு படுக்கும் முன் பத்துச் சொற்களைச் சீட்டில் எழுதுங்கள். நாளைக் காலை காபி ஆறுவதற்குள், மறுபக்கத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தில் நான்கே வந்தாலும் கவலைப்பட வேண்டாம். வராத ஆறையும் முதல் அறையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.