கடைத்தெரு முதல் கைப்பேசி வரை

"பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை" என்பது பழமொழி. மணமே வாடிக்கையாளரை அழைத்து வந்துவிடும் என்பது இதன் கருத்து. இதற்குச் சாட்சியாக நம் திருநெல்வேலி டவுணிலேயே ஒரு கடை உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இருட்டுக்கடையைத்தான் கூறுகிறோம். பகட்டான விளக்கும் பெயர்ப் பலகையும் இன்றியே அது புகழ் பெற்றது. மாலையில் திறப்பார்கள், அன்றைய அல்வா தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். மங்கலான விளக்கொளியில் வியாபாரம் நடந்தமையால் மக்களே அதற்கு இட்ட பெயர் அது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பொறுமையாகக் கிண்டிய அல்வாவே அதன் விளம்பரம்.

அப்படியானால் வியாபாரத்திற்கு விளம்பரமே வேண்டாமா? சற்று ஆராய்ந்து பார்ப்போம். அந்தக் கடை இருக்கும் இடம் கோயில் வாசல். ஆனித் தேரோட்டத்திற்கும் அன்றாட வழிபாட்டிற்கும் வருவோர் அனைவரும் கடந்து செல்லும் தெரு. அங்கே மணம் தானாகவே பரவும். ஆனால் சிற்றூரின் சந்தினுள் ஒரு வீட்டுத் திண்ணையில் செய்யப்படும் பொருளின் மணம் யார் மூக்கிற்கு எட்டும்? மேலும், பலகை வைக்காத கடையின் பெயரைப் பிறர் தம் பலகையில் எழுதிக்கொள்வதும் உண்டு. ஆகவே, நம் பொருளைப் பற்றி நாமே உண்மையாக எடுத்துச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது. விளக்கை ஏற்றி மரக்காலின் கீழ் மூடி வைப்பதில்லை என்று ஆண்டவர் இயேசு கூறிய உவமையை நாம் அறிவோம் அன்றோ?

விளம்பரம் வளர்ந்த விதம்

முற்காலத்தில் தண்டோராப் போட்டார்கள். பின்னர் சுவரொட்டியும், நாளிதழ் விளம்பரமும், திரையரங்கில் படம் தொடங்குமுன் காட்டும் சிலைடும் வந்தன. நம் தாத்தா பாட்டியர் இலங்கை வானொலியின் வர்த்தக விளம்பரங்களை இன்றும் இராகத்தோடு பாடிக் காட்டுவார்கள். 1967-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் விவித பாரதியிலும் விளம்பரங்கள் ஒலிபரப்பாயின. இவற்றுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. பணம் படைத்தவரே விளம்பரம் செய்ய முடியும். கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

இணையம் இவ்விரண்டையும் மாற்றிற்று. பேஸ்புக் 2004-லும், யூடியூப் 2005-லும், வாட்ஸ்அப் 2009-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. 2016-இல் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை வந்தபின், தூத்துக்குடியில் இருப்பவர் டெல்லிக்காரரிடம் நொடியில் பணம் பெற முடிகிறது. 2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சிறு வியாபாரி தம் பொருட்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலைக் கட்டணமின்றி வைக்கலாம்.

இதன் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதைப் படமெடுத்து 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினர். 2021-இல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிற்று. பெருஞ்செலவில் அமைத்த அரங்கம் அவர்களுக்கு இல்லை. தமக்குத் தெரிந்த வேலையை, தம் ஊர்ப் பேச்சில், தம் மண்ணிலேயே செய்து காட்டினார்கள், அவ்வளவே.

பத்தமடைப் பாய் சொல்லும் பாடம்

நம் பக்கத்து ஊராகிய பத்தமடையை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாகக் கீறி உலர்த்துவர். ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைப்பர். மீண்டும் உலர்த்தி, நூலைப் போன்ற மெல்லிய இழைகளாகக் கிழித்துச் சாயமேற்றிப் பின் நெய்வர். நேர்த்தியான பட்டுப் பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். திருமணப் பாயில் மணமக்களின் பெயரையே நெய்து தருவார்கள். இவ்வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இத்தனை சிறப்பிருந்தும், பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் வந்தபின் இத்தொழில் நலிந்து நிற்கிறது. ஏன்? கடையில் நிற்பவருக்கு இரண்டும் பாய்தான். ஒன்று மலிவு, மற்றொன்று விலை மிகுதி. பல நாட்கள் குனிந்து நெய்த முதுகுவலி பாயின் மேல் எழுதியிருப்பதில்லை. வாங்குபவர் யாரென்று நெய்பவருக்குத் தெரியாதபோது, இடையில் நிற்பவர் கொடுத்ததே விலையாகிறது. தாய்க்குக் கூலி கட்டுபடியாகாத தொழிலை மகள் கற்பாளா? "நல்ல மாடு உள்ளூரிலேயே விலைபோகும்" என்னும் பழமொழி இங்கே பொய்த்துப் போகிறது.

கைப்பேசியின் பயன் இங்கேதான். கோரை கீறுவதை அரை நிமிடப் படமாகக் காட்டினால், விலை ஏன் மிகுதி என்பதை வாங்குபவர் தாமே உணர்வார். சென்னையில் கல்யாணம் பேசி முடித்த குடும்பம் மணமக்கள் பெயரை அனுப்பி, நெய்தவரிடமே பாயைக் கேட்டு வாங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், உடன்குடிக் கருப்பட்டி ஆகிய புவிசார் குறியீடு பெற்ற பிற பொருட்களுக்கும் இவ்வழி பொருந்தும்.

செய்யும் முறை

முதலாவது, யாருக்கு விற்கிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். உள்ளூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பும் கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தைப் பதிவதும் போதும். வெளியூராருக்கு இன்ஸ்டாகிராமும் யூடியூபும் உதவும்.

இரண்டாவது, படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும். நிறத்தை மிகைப்படுத்தினால், பொருள் கைக்கு வந்ததும் மனத்தாங்கல் வரும். நீளம், அகலம், விலை, தபால் செலவு, செய்து முடிக்க ஆகும் நாட்கள், பேணும் விதம் ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். உணவுப் பொருளானால், வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து 14 இலக்க எண் பெறுவது கட்டாயம்.

மூன்றாவது, விடாமுயற்சி. இத்தளங்கள் ஒரு பதிவை முதலில் சிலருக்கே காட்டும். அவர்கள் நின்று பார்த்தால், பிறருக்குப் பகிர்ந்தால், மேலும் பலருக்குக் காட்டும். ஆகவே மாதம் ஒருமுறை முப்பது படம் போடுவதைவிட, வாரம் இரண்டு நல்ல படம் போடுவது மேல். கேள்விக்கு அன்றே விடையளிப்பது எந்த விளம்பரத்தினும் சிறந்தது.

நான்காவது, நம் சக்திக்கு மேல் ஆர்டர் ஏற்கக் கூடாது. ஒரே நாளில் நூறு பேர் கேட்டாலும் கைத்தறி தன் வேகத்தில்தான் ஓடும். தீர்ந்ததும் கடையை அடைக்கும் இருட்டுக்கடையின் ஒழுங்கு இங்கே நமக்குப் பாடம். மேலும், வாடிக்கையாளரின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நலம். வலைத்தளம் பிறருடைய இடம். அதன் விதிகள் எந்நாளும் மாறலாம்.

உண்மையே முதலீடு

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்றார் வள்ளுவர். வலைத்தளத்தில் இதை மறப்பது எளிது. விசைத்தறிப் பாயைக் கைத்தறி என்பதும், தோழியரை விட்டுப் பொய்யான பாராட்டு எழுதச் செய்வதும், பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்துவிட்டு அதை மறைப்பதும் ஏமாற்றே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரத்திற்கு 10 இலட்ச ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 இலட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மைய அரசின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமல்ல. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசப் பழகிய நம் மனச்சான்றுக்கும் அஞ்ச வேண்டும்.

பெற்றோரும் மாணவியரும் கவனிக்க

வியாபாரத்திற்கெனத் தனி எண் வைத்துக்கொள்வது நன்று. வீட்டு முகவரியையும் பெண் பிள்ளைகளின் படத்தையும் ஊரறியப் போட வேண்டியதில்லை. விற்பது பாய், முகம் அன்று. 18 வயது நிரம்பாதவரை நம் சட்டம் சிறார் என்றே கொள்வதால், கணக்கைப் பெற்றோர் பெயரில் வைத்து, நாம் உதவியாளராக இருப்பதே முறை. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை; அப்படி அழுத்தச் சொல்பவர் மோசடிக்காரர். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணிற்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நம்மில் பலர் நாள்தோறும் கைப்பேசியில் எவ்வளவோ நேரம் செலவிடுகிறோம். அதில் அரைமணி நேரத்தை, முறுக்குச் சுடும் அத்தைக்கோ, தையற்கடை நடத்தும் அக்காவுக்கோ, பாய் நெய்யும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கோ ஒதுக்குவோம். அவர்கள் கைவேலை அறிந்தவர்கள், நாம் எழுத்தறிந்தவர்கள். அவர்கள் உழைப்பை நான்கு வரியில் உண்மையாக எழுதி, ஒரு நல்ல படம் எடுத்து உலகுக்குக் காட்டினால், நாம் கற்ற கல்வி ஒரு வீட்டில் அடுப்பெரிய உதவியதாகும். அதனினும் சிறந்த வீட்டுப்பாடம் வேறு ஏது?