அடுத்த மெஷினை பீஸே தேடிக்கொண்டால்

பாரிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவர்களுக்குத் தெரியும்: காலையில் போர்டில் எழுதும் புரொடக்‌ஷன் பிளான் மதியம்வரை தாங்குவது அபூர்வம். டூல் உடையும், கரன்ட் போகும், காஸ்டிங் வந்து சேராது. சூப்பர்வைசர் உடனே போனை எடுப்பார். "அண்ணே, உங்க கிரைண்டிங் மெஷின் காலியா? 40 பீஸ், சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" கையிலுள்ள வேலை, செட்டிங் மாற்றும் நேரம், கூலி எல்லாம் மனசுக்குள் ஓடிய பிறகே எதிர்முனையில் பதில் வரும்.

இந்தப் பேச்சை மென்பொருளிடம் ஒப்படைப்பதுதான் ஏஜென்ட் முறைக் கட்டுப்பாடு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் அதன் சார்பில் பேசும் ஒரு நிரல், அதாவது ஓர் ஏஜென்ட், உண்டு. பீஸ் தன் அடுத்த வேலையை அறிவிக்கும், மெஷின்கள் விலை சொல்லும், தோதான இடத்துக்கு வேலை போகும். கணினிகள் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இந்த ஏலமுறையை 1980-இல் வகுத்தவர் ரீட் ஸ்மித்.

அதை ஆலைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டிக் மோர்லி. நம் எலக்ட்ரீஷியன்கள் தினமும் கைவைக்கும், மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் தந்தையாகக் கருதப்படுபவர். அமெரிக்காவின் ஃபோர்ட் வேனில், ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் ஆலையின் பெயின்ட் பூத்துகளை அவர் ஏலம் கேட்க வைத்தார். நிறம் மாற்றினால் குழாயைக் கழுவி மிச்ச பெயின்ட்டைக் கொட்டவேண்டும். அதனால் சிவப்பு அடித்துக்கொண்டிருக்கும் பூத், அடுத்த சிவப்பு வண்டிக்கு முந்திக்கொள்ளும். ஒரு பூத் பழுதானால் அது ஏலம் கேட்காது, அவ்வளவே. அட்டவணையை யாரும் திருத்தவேண்டியதில்லை.

எனக்கு இதில் பிடித்தது, செலவை எண்ணாகச் சொல்லவேண்டிய கட்டாயம். நம் பட்டறைகளில் செட்டிங் நேரம் பெரும்பாலும் செட்டரின் தலைக்குள்தான் இருக்கிறது. அதை எழுதிவைக்காத வரை எந்த ஏஜென்ட்டாலும் விலை சொல்லமுடியாது.

ஆனால் மெஷின்கள் கிடைத்த வேலையையெல்லாம் வாங்கிப்போட்டால் லைன் அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் ஹெட் செய்யும் டைம்லர் ஆலையில் ஒரு விதி வைத்தார்கள்: முடித்த பீஸ் வெளியேற வழியில்லாத மெஷின், புது வேலைக்கு விலை சொல்லக்கூடாது. நெரிசல் இப்படி ஒவ்வொரு மெஷினாகப் பின்னோக்கிப் போய் நுழைவாயிலிலேயே வரத்தைக் குறைத்துவிடும். மேலதிகாரி போடவேண்டிய திட்டம், அந்த ஒரு விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஏலம் அடுத்த வேலையை மட்டுமே பார்ப்பதால், டெலிவரி தேதி கேட்கும் கஸ்டமருக்கு இதுவும் போதாது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு எறும்புகளிடமிருந்து வழி கற்றது. பீஸின் ஏஜென்ட் சிறு தூதர்களை முன்னே அனுப்பி, வழியிலுள்ள மெஷின்களில் நேரத்தை முன்பதிவு செய்யும். எறும்பின் வாசனைத் தடம்போல அந்தப் பதிவு சிறிது நேரத்தில் அழிந்துவிடும். வேலை இன்னும் வேண்டுமென்றால் தூதர் திரும்ப வந்து புதுப்பிக்கவேண்டும்.