ஊசி வேண்டாம் என்று சொன்னவர்கள், சொல்லவே முடியாதவர்கள்: தெரியுமா?

ரவாங்கில் கொமியூட்டர் ஏறினால் அடுத்தது குவாங், அதற்கடுத்தது சுங்கை பூலோ. அங்கே போய்ப் பூச்செடி வாங்கி வராத வீடு நம் பக்கத்தில் குறைவு. அந்த நர்சரிகள் இருக்கும் மண்ணில் ஒரு காலத்தில் தனிப் பணமே புழங்கியது, தெரியுமா? வெளியே ஒரு கடையிலும் செல்லாத நோட்டு! இருங்கள், அதற்கு வருகிறேன். முதலில் ஊசிக் கதை.

‘மனசாட்சிப்படி மறுப்பவர்’ என்ற பேச்சு போருக்குப் போக மறுத்தவர்களால் பிறந்தது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது அம்மை ஊசி. இங்கிலாந்தில் 1853-இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமானது. குத்தாத பெற்றோருக்கு அபராதம். கட்டாவிட்டால் சிறைகூட உண்டு. 1885-இல் லெஸ்டர் நகரத் தெருக்களில் எதிர்ப்புக் கூட்டம் பெருக்கெடுத்து ஓடியது. கடைசியில் 1898-இல் அரசு இறங்கி வந்தது. மனசாட்சி இடம் தரவில்லை என்று நீதிபதிகளை நம்பவைத்தால் குழந்தைக்கு ஊசி வேண்டாம்!

அதே பேரரசின் இன்னொரு மூலைக்கு வாருங்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி திரட்டிய ஆட்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். அங்கே அவர்களுக்கும் அம்மை குத்தினார்கள். மனசாட்சி என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிய ஜனங்கள் அவர்கள். கடல் தாண்டி இறங்கினாலும் நேரே தோட்டத்துக்குப் போக முடியாது. பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவு, கிள்ளான் பக்கம் இறங்கினால் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாம். கூட வந்தவர் யாருக்காவது நோய் தென்பட்டால் தனிமை நாள் நீண்டுகொண்டே போகும். ஊசி உயிரைக் காத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ராஜா, ஒரே ஊசி. லெஸ்டரில் மறுக்கலாம், நாகப்பட்டினத்தில் முடியாது!

அமெரிக்காவில் ஒரு பாதிரியார் ஐந்து டாலர் அபராதம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போனார், தெரியுமா? ஹென்னிங் ஜேக்கப்சன் என்று பெயர். சிறுவயதில் போட்ட ஊசி தன்னைப் படாத பாடு படுத்தியது என்பது அவர் வாதம். 1905-இல் தோற்றார். ஊர் நலனுக்காகத் தனிமனித உரிமைக்கு வரம்பு போடலாம் என்ற அந்தத் தீர்ப்பை கோவிட் காலத்திலும் தூசி தட்டி எடுத்தார்கள்! அந்தத் தீர்ப்புக்கு முந்திய ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கட்டாய ஊசிக்கு எதிராக மக்கள் டிராம் வண்டிகளையே கவிழ்த்தார்கள். கட்டாயம் நின்றது. 1908-இல் பெரியம்மை திரும்பி வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

1803-இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பால் எப்படிப் போனது, தெரியுமா? பெட்டியில் இல்லை, 22 அநாதைச் சிறுவர்களின் கைகளில்! ஒருவன் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவனுக்குக் குத்தி, கடல் நெடுக உயிரோடு காப்பாற்றிக் கொண்டுபோனார்கள். பையன்களிடம் சம்மதம் கேட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது சுங்கை பூலோ. தொழுநோய்க்கு அந்தக் காலத்தில் தடுப்பூசியும் இல்லை, உருப்படியான மருந்தும் இல்லை. 1926-இல் சட்டம் வந்தது: நோய் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வேண்டும். 1930-இல் அவர்களுக்கான குடியிருப்பு இங்கே திறந்தது. அதைத் திட்டமிட்ட டாக்டர் டிராவர்ஸ் சிறை போலக் கட்டவில்லை, தோட்ட நகரமாகக் கேட்டு வாங்கினார். சிறு சிறு வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், எல்லாம் உண்டு. சிறைச்சாலையும் உண்டு! வெளியே போகத்தான் வழியில்லை. பணத்தில் நோய் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில்தான் அந்தத் தனி நோட்டு. உள்ளேயே கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தார்கள், பலரைத் தத்துக் கொடுத்தார்கள். வயிற்றைப் பிசைகிறதா? இன்னும் ஒன்று: தொழுநோய் அப்படி எளிதில் தொற்றாது, பெரும்பாலோர் உடம்பு இயல்பாகவே அதை எதிர்த்துவிடும்! குணமான பிறகும் போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றார்கள். நம் வீட்டு வாசல் ரோஜாவின் பூர்வீகம் அதுதான்.

2020 ஜனவரியில் நாட்டின் முதல் கோவிட் நோயாளிகளை எங்கே சேர்த்தார்கள்? அதே சுங்கை பூலோவில், மருத்துவமனையில்! அடுத்த ஆண்டு ஊசி வந்தது. பொதுமக்களுக்குக் கட்டாயமில்லை என்றார்கள். ஆனால் மைசெஜாத்ரா செயலியில் இரண்டு ஊசிக்கான அடையாளம் இல்லாதவர் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்ன முடியவில்லை. அரசு ஊழியருக்கு 2021 நவம்பர் 1 கெடு. சட்டம் தொடாத இடத்தைச் சாப்பாட்டு மேசை தொட்டது, எத்தனை கெட்டிக்காரத்தனம்! குழந்தைகளுக்கான ஊசிகளோ இன்றும் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயமில்லை. 2016-இல் தொண்டை அடைப்பான் பிள்ளைகளைக் கொன்றபோது ‘கட்டாயமாக்கு’ என்ற குரல் எழுந்தது, அடங்கியது.

சரி, சட்டையைக் கொஞ்சம் தூக்கித் தோளுக்குக் கீழே பாருங்கள். ஒரு தழும்பு தெரிகிறதா? அதை ‘அம்மை குத்துன தழும்பு’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நாற்பது வயதுக்குள் இருந்தால் அது அம்மை இல்லை, காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி! நிஜ அம்மைத் தழும்பைப் பார்க்க வேண்டுமானால் பாட்டியின் கையைத்தான் கேட்க வேண்டும்.