அடைக்கத் தகாத துளை

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுகின்ற பழைய கார்களுள் மொறிஸ் மைனர் ஒன்று. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த இனம் அது. எந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய கார் ஒன்று எம்மிடம் உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் வடபுலத்திற் பெற்றோல் அரிதாகிய காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடியும் அது எம்மைச் சுமந்தது. அதனை அண்மையில் என் அறியாமையால் இழக்கவிருந்தேன். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படலாம் என்று கருதி அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

சில மாதங்களாகக் காலை வேளையிற் காரின் கீழ் நிலம் நனைந்திருக்கும். ரேடியேற்றரில் ஒரு செம்பு நீரை வார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்படுவேன். ஒரு செம்பு இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. நானோ வார்ப்பதை நிறுத்தினேனல்லேன், காரணத்தைத் தேடினேனுமல்லேன்.

ஒருநாள் நாவற்குழியைக் கடக்கையில் எஞ்சினிலிருந்து ஆவி எழுந்தது. உடன்வந்த இளம் ஆசிரியர் விரைந்திறங்கி ரேடியேற்றர் மூடியைத் திருகக் கைநீட்டினார். அவர் கையைப் பற்றித் தடுத்தேன். அம்மூடி, சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அளவில் அமுக்கத்தைக் காப்பது. அதனால் உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வரை கொதியாது அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே அது கொதித்துச் சீறி முகத்திற் பாயும். கார் முற்றாக ஆறும்வரை மரநிழலிற் காத்திருந்தோம்.

எமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக்கிடம் காரைச் சேர்த்தோம். ரேடியேற்றரின் அடிப்பாகம் நனைந்திருந்தமையால் ஓட்டை அங்கேயே என்று நான் சாதித்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. எல்லாவற்றையும் துணியால் உலரத் துடைத்தார். கீழே வெள்ளைத் தாளை விரித்தார். கைப்பம்பியால் உள்ளே அமுக்கம் ஏற்றினார். சிறிது நேரத்தில் எஞ்சினின் முன்புறத்து நீர்ப்பம்பியின் அடியில் ஒரு துளி திரண்டது. அங்கே ஊசி நுழையுமளவிற் சிறு துளையொன்று இருந்தது.

“இவ்வளவுதானா? ஈயம் வைத்து அடைத்துவிடும்” என்றேன்.

அவர் சிரித்தார். “ஐயா, அந்த ஓட்டையிலை பிழையில்லை. உள்ளுக்கை பிழை எண்டு சொல்லத்தான் அந்த ஓட்டை. அதை அடைச்சால் தண்ணி பெயறிங்குக்கை போகும். பேந்து காத்தாடி ஆடி ரேடியேற்றரைக் கிழிச்சுப் போடும்.”

பம்பியின் சுழல்தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் அடைப்பு ஒன்றுண்டு. அது தேய்ந்தால் நீர் தண்டின் வழியே ஊர்ந்து பெயறிங்கைக் கெடுக்கும். அவ்வாறு நேராது வெளியே சொட்டட்டும் என்றே, ஆக்கியோர் அத்துளையை வைத்தனர்.

மறுநாள் நீரை வடித்தார். அது செங்காவி நிறமாய் வந்தது. ரேடியேற்றரைக் கழற்றிப் பம்பியை இறக்கினார். எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய காஸ்கற்றைச் சுரண்டி எடுத்துப் புதியது வைத்தார். புதுப் பம்பியைப் பூட்டி ஆணிகளைச் சமமாக முறுக்கினார். வெடிப்புக் கண்ட றப்பர்க் குழாய்களையும் மாற்றினார்.

கறளுக்கும் உள்ளே படிந்த வெண்படிவுக்கும் காரணம் யான் வார்த்த கிணற்று நீரே. எமது குடாநாடு சுண்ணக்கல் நிலம். அந்நீர் சூடேறுந்தோறும் சுண்ணாம்பு படியும். ஆகவே காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ற் கலந்து ஊற்றினார். நீர் உறையும் குளிர் எம் குடாநாட்டில் இல்லையாயினும், அது கறளைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். இனிப்புடைய நஞ்சாதலின், குழந்தைகளும் நாய்களும் அணுகாவண்ணம் வைத்தல் வேண்டும்.

காரை எடுத்துக்கொண்டு திரும்புகையில் என் வகுப்பிலுள்ள மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். “விளங்கவில்லை, சேர்” என்று பாடத்தின் நடுவே அடிக்கடி எழுந்து நிற்பவன் அவன். “இரு” என்று அவனை அமர்த்துவதே என் வழக்கம். என் பாடத்தில் எங்கோ தேய்வு உண்டென்று சொல்ல எழுந்தவனை எத்தனை முறை அடைத்திருக்கின்றேன்!

மறுநாள் அவன் எழுந்தபோது சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “எந்த இடத்தில் விளங்கவில்லை, தம்பி?” என்று கேட்டேன்.