முதல் இருபது நிமிடங்கள்

காயம்பட்டவருக்கு மருத்துவமனையில் செய்யப்படுவது சிகிச்சை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை செய்யப்படுவது முதலுதவி. சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் படித்த மருத்துவர் தேவை. முதலுதவிக்கோ அருகில் நிற்கும் ஒருவர் போதும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காயத்திற்கும் தீப்புண்ணுக்கும் நம் வீடுகளில் கைவசம் இருக்கும் மருந்துகளை எண்ணிப் பார்த்தால், இந்த இரண்டாவது அறிவே நமக்கு அதிகம் தேவை என்று தோன்றுகிறது.

நம் மாவட்டமும் காயங்களும்

புதுக்கோட்டை மாவட்டம் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று உருவானது. பொங்கல் என்றால் நம் பக்கம் ஜல்லிக்கட்டு. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் தொடங்கும். 2019-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் விராலிமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அன்று காளை முட்டி இருவர் இறந்தனர். அவர்கள் மாடுபிடி வீரர்கள் அல்லர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஆகவே களத்தில் இறங்காதவருக்கும் காயம் நேரலாம். காயம்பட்டவருக்குப் பக்கத்தில் நாமும் நிற்க நேரலாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. அதுபோன்ற நாளில் கோடரியோ அரிவாளோ காலில் பட்டுவிட்டால் எந்த வண்டியும் உடனே வராது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. நம் ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் வந்தது. இவை பெரும் வசதிகள்தாம். ஆயினும் கோட்டைப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த ஒரு மணி நேரம் அருகில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

உள்காயம்

தோல், அதன் அடியிலுள்ள கொழுப்பு, தசை, தசையை எலும்போடு இணைக்கும் நாண், எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார், இரத்தக் குழாய், நரம்பு ஆகியவற்றை மென்திசுக்கள் என்பர். தோல் கிழியாமல் இவை அடிபட்டால் இரத்தக்கட்டு அல்லது சுளுக்கு. தோல் கிழிந்தால் திறந்த காயம்.

கால் பிசகியதும் எண்ணெய் தடவி உருவிவிடுவது நம் வழக்கம். உள்ளே சிறு குழாய்கள் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் உருவினால் கசிவு கூடும், வீக்கம் பெருகும். முதல் நாளில் உருவுதலும் சூட்டு ஒத்தடமும் வேண்டா. துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, மிதமாகக் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற இந்நான்கையும் 1978-இல் வகுத்துக் கூறிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், நெடுநேரம் ஐஸ் வைப்பதும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தாமே திருத்திக் கூறினார். எனவே வலி தணியும் அளவுக்கு ஐஸ் போதும். ஓரிரு நாளில் மெல்ல அசைக்கத் தொடங்கலாம். நான்கடி கூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கக் கூடும். எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும்.

திறந்த காயம்

இரத்தம் கொட்டும்போது தேவைப்படும் மருந்து ஒன்றே, அழுத்தம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். ‘நின்றுவிட்டதா’ என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பவர், உறையத் தொடங்கிய இரத்தத்தைத் தாமே கலைத்துவிடுகிறார். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேல் இன்னொன்றை வைக்கலாம். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். மெல்லிய கயிறு கூடாது; அது சதையை அறுக்கும்.

காப்பித்தூள், மூக்குப்பொடி, சுண்ணாம்பு ஆகியவற்றை வெட்டுக்காயத்தில் அப்புவதுண்டு. இரத்தம் நிற்பது பெரும்பாலும் அப்பிய கையின் அழுத்தத்தால். பெயரைத் தட்டிச் செல்வது காப்பித்தூள். மருத்துவர் தையல் போடுமுன் அத்தூளைத் துகள் துகளாகக் கழுவ வேண்டியிருக்கிறது.

காளைக் கொம்பின் குத்து தனி வகை. வெளியே ஓர் அங்குலத் துளைதான் தெரியும். உள்ளே கொம்பு பல பக்கமாகத் திரும்பிக் கிழித்திருக்கும். வயிற்றில் குத்துப்பட்டுக் குடல் வெளிவந்தால் உள்ளே தள்ளக் கூடாது. ஈரமான சுத்தத் துணியால் மூடி, குடிக்க எதுவும் கொடுக்காமல், உடனே கொண்டு செல்ல வேண்டும். உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ கிளையையோ பிடுங்கக் கூடாது. இரத்தக் குழாயை அடைத்து நிற்பதே அதுவாக இருக்கலாம்.

ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. வாடிவாசலில் இரண்டும் உண்டு. எனவே தடுப்பூசி அவசியம். ஆனால் அந்த ஊசி அந்த ஒரு நோயைத்தான் தடுக்கும். ஊசி போட்டாயிற்று என்று காயத்தைக் கழுவாமல் விட்டால் மற்றக் கிருமிகளுக்கு அதுவே விருந்து.

தீப்புண்

அடுப்பை அணைத்த பின்னும் பானைச் சோறு சிறிது நேரம் வெந்துகொண்டிருக்கும். சுடுநீர் பட்ட சதையும் அப்படித்தான். நெருப்பை விட்டு விலகிய பின்னும் உள்ளே தங்கிய சூடு சதையை வேகவைக்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவதே முதலுதவி. குழாய்த் தண்ணீரை, அல்லது குடத்திலிருந்து தொடர்ந்து ஊற்றும் தண்ணீரை, இருபது நிமிடம் புண் மேல் ஓடவிட வேண்டும். உடனே செய்வது சிறப்பு. தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயனுண்டு. ஐஸ்கட்டி கூடாது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். குழந்தைகளுக்குப் பெரிய தீக்காயம் என்றால் உடம்பின் மற்றப் பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்த வேண்டும்.

வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், கடிகாரம், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அதன் தோல்தான் புண்ணுக்கு இயற்கை தந்த மூடி. பிறகு வெளுத்த வேட்டித் துண்டால் தளர்வாக மூடினால் போதும்.

நம் வீடுகளில் பேனா மை, பற்பசை, இட்லி மாவு, வெண்ணெய் என்று பூசுகிறார்கள். இவற்றைப் பூசுவோரின் எண்ணம் நல்லதே. மாவும் மையும் சிறிது குளிர்ச்சி தருவதால் நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் பூச்சு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது, கிருமிக்கு இடம் தரும். மையோ புண்ணின் நிறத்தை மறைத்து, அதன் ஆழத்தை மருத்துவர் அறிய முடியாமல் செய்யும்.

இத்தகைய தவறு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள். 1537-இல் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோகவே, அம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சு ரண வைத்தியர் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்த களிம்பைச் சிலருக்கு வைத்தார். அவர்கள் இறந்துவிடுவார்களோ என்று அஞ்சி, விடியும் முன்பே போய்ப் பார்த்தார். களிம்பு வைக்கப்பட்டவர்கள் வலி குறைந்து உறங்கினர். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலும் வீக்கமுமாகத் துடித்தனர். வழக்கத்தை விட்டுக் கண்ணால் கண்டதை ஏற்றார் பாரே. நாம் மையை விட்டுத் தண்ணீரை ஏற்பதற்கு அவ்வளவு துணிவு கூடத் தேவையில்லை.

காயம்பட்டவரின் விரல்களோடு கூடிய உள்ளங்கை அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இந்த அளவுகோலால் குழந்தைக்குப் பத்து, பெரியவருக்குப் பதினைந்து உள்ளங்கை அளவு வெந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு வெந்தாலும், மின்சாரம் தாக்கினாலும், புகையை உள்ளிழுத்தாலும் அளவு பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்க. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டா. ஆழமான தீப்புண்ணில் நரம்பே கருகிவிடுவதால் வலி தெரியாது.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்பவர் ஜமுக்காளத்தால் மூட வேண்டும். மின்சாரம் என்றால் முதலில் மெயினை அணைத்துவிட்டே தொட வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் தெறித்தால் காரத்தைத் தேடாதீர்கள். இரண்டும் கூடினால் மேலும் சூடுண்டாகும். ஏராளமான தண்ணீரே போதும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. முதலுதவிக்கே இடமில்லாமற் போகும் தீயும் உண்டு என்பதை அந்நாள் நமக்குக் கற்பித்தது. ஓலைக்கூரையின் கீழ் அடுப்பும், அடைத்து வைத்த வழியும் இல்லாதிருப்பதே எல்லாவற்றுக்கும் முந்திய உதவி.

நாம் செய்யக்கூடியது

‘போலீஸ் விசாரணைக்கு அலைய வேண்டுமே’ என்று விபத்தில் விழுந்தவரைத் தொடத் தயங்குவோர் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே அந்தத் தயக்கம் இனி வேண்டா.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். இனிப் போகும் சிற்றூரில் ஒரு மாலை வேளையை இதற்கும் ஒதுக்கலாம். நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. இரத்தம் வந்தால் அழுத்துங்கள், சுட்டால் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள், வேறெதையும் பூசாதீர்கள் என்ற மூன்று செய்திகளைச் செய்து காட்டினால் போதும். ஒரு குடம் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் இல்லை. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டு சேர்ப்பது, படித்த நம் கடமையாகும்.