போன் நம்பர் ஓர் எண்ணா?

மும்பை வடாலாவில் உங்களுக்கு ஒரு கடை. வாடிக்கையாளர்களின் போன் நம்பரைச் சேமிக்க விண்டோஸ் கம்ப்யூட்டரில் நீங்களே ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள். நம்பரை எந்த வகையில் வைப்பீர்கள்?

எண்தானே என்று சி மொழியின் ‘இன்ட்’ வகையைப் போட்டால் சிக்கல்தான். விண்டோஸில் அதன் கொள்ளளவு சுமார் 214 கோடி. நம் மொபைல் நம்பர்களோ 600 கோடியிலிருந்துதான் தொடங்குகின்றன, உள்ளேயே போகாது! சரி, பெரிய எண்வகைக்கு மாறினால்? மொபைல் நம்பர் அடங்கிவிடும். ஆனால் மும்பையின் லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் வரும் 022 என்னவாகும்? முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போய், வெறும் 22 என்று நிற்கும்.

போன் நம்பரை நாம் கூட்டவா போகிறோம், பெருக்கவா? அதை எழுத்துகளின் வரிசையாக, ‘ஸ்ட்ரிங்’ வகையிலேயே வையுங்கள். பிளஸ் 91 போட்டுச் சொல்கிறவர்களின் நம்பரும் அப்படியே பதிவாகும்.