முதலில் கை வைக்காத பணம்

‘யார் கொடுத்த காசு?’ தொடர் – 17

உலக வங்கியில் பங்குக்குத் தக்கபடி ஓட்டு, அமெரிக்கா தலையாட்டாவிட்டால் அதன் சாசனத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது என்பதையெல்லாம் போன வாரமே பார்த்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் ஹெல்சிங்கி. அங்கே ‘வைடர்’ என்று ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. முழுப்பெயர் உலக வளர்ச்சிப் பொருளாதார ஆய்வு நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகத்தின் கிளை. அதன் இயக்குநரை யார் நியமிக்கிறார்கள், ஆலோசனைக் குழுவுக்கு உண்மையில் பல் உண்டா என்று எழுதுவதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் வேறொரு விஷயம் கண்ணில் பட்டுவிட்டது. வாரம் முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐ.நா. பல்கலைக்கழகத்துக்கு ஐ.நா.வின் பொது பட்ஜெட்டிலிருந்து ஒரு பைசா கிடையாது.

பெயரில் ஐ.நா. இருக்கிறது. அதன் ரெக்டருக்கு ஐ.நா.வின் துணைப் பொதுச் செயலாளர் அந்தஸ்து. ஊழியர்களில் ஐ.நா. பயண ஆவணம் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் கட்டும் சந்தாவில் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இல்லை. அப்படியானால் யார் படியளக்கிறார்கள்?

கதை 1969-இல் தொடங்குகிறது. பொதுச் செயலாளராக இருந்த பர்மாக்காரர் ஊ தாண்ட், உண்மையிலேயே உலகத்துக்குப் பொதுவான ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று தன் ஆண்டறிக்கையில் எழுதினார். 1972-இல் பொதுச்சபை ஒப்புதல் தந்தது, 1973-இல் சாசனம் நிறைவேறியது, 1975-இல் டோக்கியோவில் வேலை ஆரம்பமானது. ஏன் டோக்கியோ? ஜப்பான் பத்துக் கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அதுவும் செலவுக்கு அல்ல. முதலைத் தொடாமல் முதலீட்டில் போட்டு, அதிலிருந்து வரும் வருமானத்தில் காலம் தள்ளுவதற்கு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை இடையர் வசம் விடுவார்கள். நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளந்துவிட வேண்டும். மந்தை குறையக் கூடாது. விளக்கு வைத்த ராணி போய்ச் சேர்ந்த பிறகும் நெய் வந்துகொண்டே இருக்கும். அடுத்து வரும் அரசனுக்கு அந்த விளக்குப் பிடிக்கவில்லை என்றாலும் வரும்.

இந்தக் கடைசி வரிதான் விஷயம். சந்தாவில் ஓடும் நிறுவனத்தை மிரட்ட, அடுத்த ஆண்டுச் சந்தாவை நிறுத்தினால் போதும். வைப்பு நிதியில் ஓடும் நிறுவனத்தை அப்படி மிரட்ட முடியாது. கொடுத்தவர் கொடுத்த அன்றே தன் பிடியை விட்டுவிடுகிறார்.

பல்கலைக்கழகத்தின் சாசனமும் இதற்கு ஏற்றபடிதான் எழுதப்பட்டிருக்கிறது. எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது, யாரை வைத்து ஆராய்வது என்பதெல்லாம் அதன் சொந்த முடிவு. ஆட்சிமன்றத்தில் நாடுகளுக்கு இருக்கை கிடையாது. ஐ.நா. பொதுச் செயலாளரும் யுனெஸ்கோ தலைமை இயக்குநரும் சேர்ந்து உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். அவர்கள் தனிமனிதர்களாகத்தான் உட்காருகிறார்கள், தங்கள் அரசின் பிரதிநிதிகளாக அல்ல. முன்பு 24 பேர் இருந்தார்கள், இப்போது 12. உலக வங்கியின் பங்குக் கணக்கைப் போன வாரம் படித்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஹெல்சிங்கிக்கு வருகிறேன். ஐ.நா. பல்கலைக்கழகம் தொடங்கிய முதல் ஆய்வு, பயிற்சி மையம் வைடர்தான். 1984-இல் பின்லாந்து அரசோடு ஒப்பந்தம், அடுத்த ஆண்டு வேலை. ஜப்பான் தாய்க்குச் செய்ததைப் பின்லாந்து பிள்ளைக்குச் செய்தது: வைப்பு நிதிக்குப் பணமும் உட்கார இடமும்.

முதல் இயக்குநர் யார் தெரியுமா? நம் பக்கத்து வீட்டுக்காரர். இலங்கையின் லால் ஜெயவர்தன. கேம்பிரிட்ஜில் படித்தவர், கொழும்பில் திறைசேரிச் செயலாளராக இருந்தவர், அப்புறம் தூதர். பெண்ணிய வரலாற்றாசிரியர் குமாரி ஜெயவர்தனவின் கணவர். 1985 முதல் 1993 வரை அந்த நாற்காலியில் இருந்தார். (அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இந்த வாரத்துச் சரக்கு. இடம் இருந்தால் பார்ப்போம்.)

நாடு சாராத, கேள்வி கேட்காத பணம் கையில் இருந்தால் ஒரு மனிதர் என்ன செய்வார் என்பதற்கு ஜெயவர்தன நல்ல உதாரணம். அமர்த்திய சென்னை ஆலோசகராகக் கூட்டி வந்தார். சென்னும் ஜான் திரேசும் பசியைப் பற்றி எழுதி 1989-இல் வெளிவந்த ‘ஹங்கர் அண்ட் பப்ளிக் ஆக்‌ஷன்’ வைடரின் ஆய்வில் விளைந்தது. தத்துவப் பேராசிரியர் மார்த்தா நுஸ்பாம் கோடைக்காலங்களில் ஹெல்சிங்கிக்கு வந்து வேலை பார்த்தார். பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவருக்கு என்ன வேலை என்று கேட்கும் தணிக்கை அதிகாரி அங்கே இல்லை போலும். 1988-இல் ஹெல்சிங்கியில் கூட்டிய மாநாட்டிலிருந்து சென்னும் நுஸ்பாமும் தொகுத்த ‘தி குவாலிட்டி ஆஃப் லைஃப்’ வந்தது. ஒரு நாடு முன்னேறியதா என்பதை அதன் வருமானத்தை வைத்து மட்டும் அளக்காதே, அங்குள்ள மனிதர்களால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்ற வாதம் உலகம் சுற்றியதில் இந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு குறும்பு. 1986-இல் வைடர் வெளியிட்ட ஆய்வுக்குழு வரிசையின் முதல் அறிக்கையின் பொருள், ஜப்பானின் உபரிப் பணத்தை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு எப்படித் திருப்பிவிடுவது என்பது. எழுதியவர்கள் ஜப்பானின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சபுரோ ஒகிதா, ஜெயவர்தன, இந்தியப் பொருளாதார அறிஞர் அர்ஜுன் சென்குப்தா. தாய் நிறுவனத்தின் பெரிய புரவலரைப் பார்த்தே ‘உன் கல்லாவில் இவ்வளவு இருக்கிறதே’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மறு ஆண்டு ஜப்பான் அரசு தன் உபரியை மறுசுழற்சி செய்யும் திட்டத்தை அறிவித்தது. தொகை 3,000 கோடி டாலர்.

இப்போது என்னை வாரம் முழுக்கத் தூங்கவிடாத கதைக்கு வருகிறேன். ஆசிரியர் அறையிலிருந்து போன் வந்துவிட்டது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

1998 ஜனவரி 7. ஆசியாவே பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். முந்தின ஜூலையில் தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்தது, பின்னாலேயே இந்தோனேசியா, தென் கொரியா. எல்லோருக்கும் ஐ.எம்.எஃப். என்னும் சர்வதேச நாணய நிதியம் எழுதிக் கொடுத்தது ஏறத்தாழ ஒரே மருந்துச் சீட்டு: வட்டியை ஏற்று, செலவை வெட்டு, சந்தையைத் திற. அந்த ஜனவரியில் வைடரின் ஆண்டுச் சொற்பொழிவு ஆற்ற ஹெல்சிங்கி மேடையில் ஏறியவர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ். அப்போது அவர் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர்.

அந்த மேடையில் அவர் எடுத்துப் பிரித்தது ‘வாஷிங்டன் கருத்தொற்றுமை’ என்று பெயர் பெற்ற கொள்கைத் தொகுப்பையே. பணவீக்கத்தை அடக்கு, வர்த்தகத்தைத் திற, அரசு நிறுவனங்களை விற்றுவிடு என்பது போதாது, சில இடங்களில் தவறான வழியும்கூட என்றார். வங்கிகளுக்குக் கடிவாளம் இல்லாத நாட்டில் நிதிச் சந்தையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பேசினார். வளர்ச்சி என்றால் உற்பத்தி எண் மட்டுமல்ல. சமத்துவம், சுற்றுச்சூழல், ஜனநாயகம் எல்லாம் இலக்குகளே என்றார். எல்லா விடையும் நம்மிடம் இருப்பதாக நினைக்காமல் கொஞ்சம் அடக்கம் காட்டுவோம் என்றும் சொன்னார். வாஷிங்டனில் ஐ.எம்.எஃப்.புக்கு எதிர்க்கட்டிடத்தில் சம்பளம் வாங்கும் மனிதர் பேசுகிற பேச்சா இது!

எட்டாம் நாள், ஜகார்த்தாவில் அந்தப் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது. மேசையில் குனிந்து ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிபர் சுகார்த்தோ. பக்கத்தில் கைகட்டி நின்று, வீட்டுப்பாடம் எழுதும் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும் ஐ.எம்.எஃப். தலைவர் மிஷெல் காம்டெசு. அந்தப் படத்தை ஒரு பக்கமும் ஹெல்சிங்கிப் பேச்சை ஒரு பக்கமும் வைத்தால் தொண்ணூறுகளின் பொருளாதார வரலாறு கையில் வந்துவிடும். 1999 முடிவதற்குள் ஸ்டிக்லிட்ஸ் வங்கியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2001-இல் நோபல் வாங்கினார்.

ஸ்டிக்லிட்ஸ் எங்கு போனாலும் பேசக்கூடியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சை வரவேற்றுத் தன் பெயரில் அச்சடித்து உலகுக்கு அனுப்ப, யாருடைய கோபத்துக்கும் பயப்படத் தேவையில்லாத ஒரு மேடை வேண்டும். முதலில் கை வைக்காத பணம் வாங்கித் தருவது அந்த மேடையைத்தான்.

2006 டிசம்பரில் வைடர் இன்னொரு குண்டு போட்டது: உலகக் குடும்பங்களின் சொத்து யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு. 2000-ஆம் ஆண்டு நிலவரப்படி, வயது வந்தோரில் மேல்தட்டு 2 சதவீதத்தினரிடம் பாதிக்கு மேல். கீழ்ப்பாதி மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சதவீதம் தேறுவதே பாடு. அன்று 2,200 டாலர் சொத்து இருந்திருந்தாலே நீங்கள் உலகின் மேல்பாதியில் சேர்ந்திருப்பீர்கள்! அப்போதைய இயக்குநர் அந்தோனி ஷோராக்ஸும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். பின்னாளில் அவரும் சக ஆய்வாளர் ஜேம்ஸ் டேவிஸும் இதே கணக்கை ஆண்டுதோறும் போட்டது கிரெடிட் சூயிஸ் வங்கிக்காக. பணக்காரர்களின் பணத்தை நிர்வகிக்கும் வங்கிக்கு அந்த எண்கள் எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி கசப்பு.

வைப்பு நிதிக்கு ஒரு வியாதி உண்டு. அதன் பெயர் வட்டி விகிதம். வைடர் பிறந்த 1984-இல் அமெரிக்காவின் பத்தாண்டுக் கடன் பத்திரம் 12 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. 2012-இல் 2 சதவீதம்கூட இல்லை. பத்துக் கோடி டாலரை அப்படியே பத்திரத்தில் போட்டிருந்தால் ஆண்டு வரவு 1.2 கோடியிலிருந்து 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். பங்குச் சந்தையிலும் பிரித்துப் போடுவார்கள், சரி. ஆனால் சந்தை விழும் ஆண்டில் சம்பளம் எதிலிருந்து? இதற்கிடையே விலைவாசி முதலையே அரித்துக்கொண்டிருக்கும்.

எந்த ஆய்வறிக்கை கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பொடி எழுத்தைத்தான். வைடர் அறிக்கைகளில் அது முதல் பக்கத்தின் அடியில் இருக்கும். வைப்பு நிதியின் வருமானத்தில் நிறுவனம் நடக்கிறது, அதோடு ஆய்வுத் திட்டங்களுக்கு இன்னின்ன அரசுகளின் கூடுதல் உதவி என்று ஒரு பட்டியல் வரும்: பின்லாந்து, சுவீடன், சில ஆண்டுகளில் டென்மார்க், நார்வே, பிரிட்டன். பிற்கால அறிக்கைகளில் இன்னொரு துண்டும் ஒட்டிக்கொண்டது: குறிப்பிட்ட திட்டங்களுக்கென்று பல கொடையாளர்கள் குறித்துக் கொடுக்கும் பணம். கருத்துகள் ஆசிரியருடையவை, கொடையாளருடையவை அல்ல என்ற வாசகமும் கூடவே இருக்கும்.

குறித்துக் கொடுக்கும் பணம் வந்தால் என்ன? 2011 முதல் 2013 வரை வைடர் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கேள்வி: வெளிநாட்டு உதவியால் பயன் உண்டா? காசு கொடுத்தவர்கள் டென்மார்க்கும் சுவீடனும். இரண்டும் வெளிநாட்டு உதவிக்குப் பேர்போன நாடுகள். விடையைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு முறை எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. மறுப்பவர்கள் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் சொல்வது கேள்வியைப் பற்றி. ஜெயவர்தன காலத்தில் கேள்வியை ஹெல்சிங்கி தேர்ந்தெடுத்தது. குறித்துக் கொடுக்கும் பணத்தில் கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

கொடையாளர்களின் கையும் சுருங்கிவிட்டது. பிரிட்டன் தன் வளர்ச்சி உதவித் துறையை 2020-இல் மூடி வெளியுறவு அமைச்சகத்தில் கரைத்தது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 0.5 ஆக்கி, 2027-இல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்துவிட்டது. சுவீடன் 2023-இல் வளர்ச்சி ஆய்வுக்கான புதிய மானியங்களைத் திடீரென்று நிறுத்தியது. இந்த அரசுகளுக்கு ஹெல்சிங்கி மேல் கோபம் ஒன்றுமில்லை. அவரவர் ஊர்த் தேர்தல், அவரவர் ராணுவச் செலவு. சுதந்திரம் பறிபோக யாரும் மிரட்ட வேண்டும் என்பதில்லை. எங்கோ ஒரு நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டில் ஒரு வரியை அடித்தால் போதும்.

என் தீர்ப்பு இதுதான். சாசனத்தில் எழுதிய கல்விச் சுதந்திரம் எல்லாம் நல்ல வாசகம். அதை நடத்திக் காட்டுவது, திரும்பக் கேட்க முடியாதபடி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பணம். அப்படிக் கொடுக்க இன்று எந்த அரசுக்கும் மனம் வருவதாகத் தெரியவில்லை.

‘ஆய்வு சொல்கிறது’ என்று அடுத்த முறை செய்தி படித்தால், அந்த ஆய்வை இணையத்தில் திறந்து பொடி எழுத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். பட்டியலில் விசித்திரமாக ஏதாவது சிக்கினால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இயக்குநர் நாற்காலியும் ஆலோசனைக் குழுவும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.